மஞ்சளும் கற்றாழையும் மருந்தாக வேண்டுமானால்



கேரளத்தில் பால் என்று பேச்செடுத்தால் பாலக்காட்டைச் சொல்லாமல் முடியாது. பாலக்காட்டில் பால் என்று பேச்செடுத்தால் சித்தூர் வட்டாரத்தைச் சொல்லாமல் முடியாது. மழை மறைவுப் பகுதி இது. மலைக்கு மேற்கே கொட்டும் மழை நமக்குக் கொட்டுவதில்லை. ஆற்றுத் தண்ணீருக்கும் கால்வாய்த் தண்ணீருக்கும் வருஷா வருஷம் ஏங்கி நிற்கும் மண். அந்த மண்ணில், வெள்ளாமை கைவிட்ட வருஷங்களிலும் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது எது? கட்டுத்தரையில் நிற்கும் மாடு. பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணம் எதிலிருந்து வந்தது? பாலிலிருந்து. வட்டிக் கடன் எதில் அடைந்தது? பாலில். அந்தப் பால் சுரக்கும் மடிக்கு வரும் நோயைப் பற்றியும், அந்த நோய்க்கு நம் வேலியோரத்துச் செடி எவ்வளவு தூரம் மருந்தாகும், எந்த இடத்தில் மருந்தாகாது என்பதைப் பற்றியும்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

விடியற்காலை நாலரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் அக்கா ஒருவர் கறக்க உட்காருகிறார். மூன்று காம்பில் பால் சீராக வருகிறது. நாலாவது காம்பில் கை வைத்ததும் மாடு காலைத் தூக்குகிறது. பீய்ச்சிப் பார்த்தால் பாலோடு திரித்திரியாக ஏதோ வருகிறது. அந்தக் கால்மடி சூடாக இருக்கிறது. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, இது மடிநோய். இப்போது அந்த அக்கா என்ன செய்வார்? டாக்டர் வருவதற்கு நேரமாகும். பால் வண்டியோ ஆறு மணிக்கே வந்துவிடும். மருந்துக் கடையில் போன தடவை வாங்கிய அதே ஆன்டிபயாட்டிக் ட்யூப் கிடைக்கும். வாங்கிக் காம்புக்குள் ஏற்றுகிறார். ஒன்று ஏற்றியதும் திரி குறைகிறது. இரண்டாவது ட்யூப் இருநூறு ரூபாயா, முந்நூறு ரூபாயா, எதற்குச் செலவு என்று நிறுத்திவிடுகிறார். மறுநாள் பால் பார்க்க நன்றாக இருக்கிறது. கேனில் ஊற்றிவிடுகிறார்.

இதில் குற்றம் யாருடையது? அந்த அக்காவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த இரண்டு காலைப்பொழுதுகளில் என்னென்ன நடந்துவிட்டது என்பதை அவருக்குச் சொல்லாமல் இருப்பது நம் குற்றம்.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945 டிசம்பரில் நோபல் பரிசு ஏற்று ஆற்றிய உரையில் ஒரு கற்பனைக் குடும்பத்தைச் சொன்னார். ஒருவருக்குத் தொண்டை வலி. கடையில் பென்சிலின் வாங்கிச் சாப்பிடுகிறார். கிருமியைக் கொல்லப் போதாத அளவு, ஆனால் மருந்தைத் தாங்கிப் பிழைக்க அதற்குப் பழக்கிக் கொடுக்கப் போதுமான அளவு. பிறகு அதே கிருமி அவர் மனைவிக்குத் தொற்றுகிறது. இப்போது பென்சிலின் வேலை செய்யவில்லை. அந்த அம்மா இறந்துபோகிறார். மருந்து உலகத்துக்கு வந்து சேர்ந்த சூட்டிலேயே, அதைக் கண்டவரே இப்படி எச்சரித்தார். ஒரு ட்யூபோடு நிறுத்தும் ஒவ்வொரு கட்டுத்தரையிலும் பிளெமிங் சொன்ன கதை நடக்கிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக இறந்திருக்கிறார்கள் என்று 2022இல் லான்செட் மருத்துவ இதழ் கணக்கு வெளியிட்டது. ஆஸ்பத்திரிகளில் நடக்கும் தவறும் அதில் சேர்ந்ததுதான். எல்லாம் மாட்டால் வந்தது என்று நான் சொல்லவில்லை. மாட்டுக்கும் அதில் பங்கு உண்டு என்கிறேன்.

இன்னொரு விஷயம் பாலில் தங்கும் மருந்து. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. அதில் 77 மாதிரிகளில் ஆன்டிபயாட்டிக் அனுமதித்த அளவைத் தாண்டி இருந்தது. நூற்றுக்கு ஒன்றுதானே என்று விட்டுவிடலாமா? ஒரு வீட்டுப் பால் ஒரு கேனில் கலக்கிறது. கேன் டேங்கில் கலக்கிறது. காய்ச்சினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள்; பென்சிலின் காய்ச்சின பாலிலும் பெரும்பகுதி அப்படியே நிற்கும். உறை ஊற்றினால் தயிர் தோயாமல் நீர்த்துக் கிடக்கிறதே, அதற்குக் காரணம் என்ன? மாட்டின் கிருமியைக் கொல்ல ஏற்றிய மருந்து தயிரை உண்டாக்கும் நல்ல கிருமியையும் கொன்றுவிட்டது. மருந்து லேபிளில் போட்டிருக்கும் நாள் கணக்கு முடியும்வரை அந்தப் பால் நம் பால் சொசைட்டிக்கு வரக் கூடாது. ஆனால் அந்த லேபிள் ஆங்கிலத்தில் இருக்கிறது! நம் வீடுகளில் பேச்சு தமிழ், அலுவலகக் கடிதம் மலையாளம், மருந்துக் குப்பி ஆங்கிலம். அந்த அக்கா எதைப் படித்து நாள் எண்ணுவார்?

சரி, வேறு வழி என்ன? இந்தக் கேள்விக்குத் தமிழிலேயே ஒரு பதில் வந்திருக்கிறது, தஞ்சாவூரிலிருந்து. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியராக இருந்த டாக்டர் புண்ணியமூர்த்தி அவர்களும் அவரோடு வேலை செய்தவர்களும், ஊர் ஊராக மாட்டு வைத்தியம் தெரிந்த பெரியவர்களிடம் இருந்த முறைகளைச் சேகரித்து, சோதித்து, அளவு வகுத்துக் கொடுத்தார்கள். பெங்களூரின் டிரான்ஸ் டிசிப்ளினரி பல்கலைக்கழகமும் அதில் கை கோத்தது. தேசிய பால்வள வாரியம் அதே முறைகளைப் பல மாநிலங்களின் சொசைட்டிகளுக்குக் கொண்டுபோனது. நம் பால் கூட்டுறவு ஒன்றியமான மலபார் மில்மாவும் மாடுகளுக்கென்று மூலிகை மருந்துகளைக் கொண்டுவந்திருக்கிறது.

மடிநோய்க்கு அவர்கள் சொன்னது என்ன? சோற்றுக்கற்றாழை 250 கிராம். மஞ்சள்தூள் 50 கிராம். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் சேர்த்து அரைத்தால் சிவந்த விழுது கிடைக்கும். அதில் ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மடியைக் கழுவி, கெட்ட பாலைப் பீய்ச்சி எடுத்துவிட்டு, மடி முழுக்கத் தடவ வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை? பத்துத் தடவை. எத்தனை நாள்? ஐந்து நாள். கூடவே எலுமிச்சம் பழம் தின்னக் கொடுப்பதும் உண்டு.

தாய்மார்களே, அந்தப் பத்து என்ற எண்ணை மனதில் வையுங்கள். ஏனென்றால் நம் ஊரில் மூலிகை வைத்தியம் தோற்பது பெரும்பாலும் அந்த எண்ணில்தான். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பூசிவிட்டு, மூன்றாம் நாள் "இதெல்லாம் வேலைக்காகாது" என்று ட்யூபுக்குப் போய்விடுகிறோம். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை அப்படிச் சாப்பிடுவோமா? மூன்று வேளை என்றால் மூன்று வேளை. அளவு என்றால் அளவு. ஆனால் செடி என்று வந்துவிட்டால் கண்ணளவு, கைப்பதம், ஞாபகம் வந்தபோது. நான் இன்று உங்களிடம் சொல்ல வந்தது இது ஒன்றுதான்: மஞ்சளையும் கற்றாழையையும் மருந்தாக நடத்துங்கள். மருந்து என்றால் அளவு உண்டு, நேரம் உண்டு, எந்த நோய்க்கு என்று உண்டு, எங்கே நிறுத்த வேண்டும் என்றும் உண்டு.

அளவு ஏன் முக்கியம்? சுண்ணாம்பைப் பாருங்கள். 15 கிராம் என்பதை ஒரு பெரிய உருண்டையாக அள்ளிப் போட்டால் மடித்தோல் வெந்துபோகும். மஞ்சளைப் பாருங்கள். மஞ்சளுக்குள் இருக்கும் குர்குமின் வீக்கத்தைத் தணிக்கும், கிருமியின் வளர்ச்சியையும் தடுக்கும். ஆனால் அது வெறும் தண்ணீரில் கரையவே கரையாது. சுண்ணாம்பின் காரம் சேரும்போதுதான் கரைகிறது. அந்தச் சிவப்பு நிறமே அதற்கு அடையாளம். விழுது சிவக்கவில்லையா? சுண்ணாம்பு பழையதாக இருக்கலாம், அல்லது மஞ்சளில் கலப்படம் இருக்கலாம். பாக்கெட் தூளை நம்பாதீர்கள். மஞ்சளுக்குப் பேர்போன ஈரோடு நமக்கு எவ்வளவு தூரம்? விரலி மஞ்சள் வாங்கி வைத்து, வீட்டிலேயே அரைத்துக்கொள்ளுங்கள்.

கோமாரியில் கால் புண் வந்தால் குப்பைமேனி, வேப்பிலை, பூண்டு, மஞ்சள், துளசி, மருதாணி இவற்றை அரைத்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிப் பூசும் முறையும் இதே தஞ்சாவூர் வழிதான். அந்தப் பூண்டில் கிருமியைக் கொல்லும் அல்லிசின் என்ற பொருளை அமெரிக்காவில் 1944இலேயே பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார்கள். நசுக்கினால்தான் அது உண்டாகும். முழுப் பல்லில் அது இல்லை. பாட்டி பூண்டைத் தட்டிப் போட்டதற்கு வேதியியல் காரணம் இருந்திருக்கிறது. கோமாரி வைரஸால் வருவது. எந்த இலையும் அந்த வைரஸை ஒன்றும் செய்யாது. புண்ணில் ஏறும் பாக்டீரியாவையும் ஈயையும் புழுவையும் தடுப்பதுதான் இந்த எண்ணெயின் வேலை. ஆகவே தடுப்பூசியை விட்டுவிட்டுக் குப்பைமேனியைத் தேடிப் போகாதீர்கள்.

இயற்கை என்றால் செடி மட்டும்தானா? பாலைத் தயிராக்கும் கிருமிகளில் ஒன்று நிசின் என்ற பொருளைச் சுரக்கிறது. அது வேறு கிருமிகளைக் கொல்லும். 1928இலேயே பாலில் இதைக் கவனித்திருக்கிறார்கள். இன்று வெளிநாடுகளில் காம்பு துடைக்கும் ஈரத்துணிகளில்கூட அதைச் சேர்க்கிறார்கள். அப்புறம், 1896இல் கங்கை யமுனைத் தண்ணீரில் காலராக் கிருமி சீக்கிரம் செத்துப்போவதை ஹான்கின் என்ற ஆங்கிலேயர் பார்த்து எழுதினார். அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய, பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்கள் உண்டு என்பது பிற்பாடு தெரிந்தது. அவற்றை மடிநோய்க்கு மருந்தாக்கும் ஆராய்ச்சி நடக்கிறது. நம் கட்டுத்தரைக்கு அது வந்து சேர நாளாகும்.

இயற்கையானது எல்லாம் தீங்கில்லாதது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பென்சிலின் எதிலிருந்து வந்தது? பூஞ்சணத்திலிருந்து. 1943இல் கண்ட ஸ்ட்ரெப்டோமைசின் எதிலிருந்து வந்தது? மண்ணில் வாழும் கிருமியிலிருந்து. அவையும் இயற்கை கொடுத்தவைதான். அவற்றைக் கெடுத்தது நம் உபயோகம். நாளைக்கு மூலிகையையும் அதே மாதிரி நடத்தினால் அதையும் கெடுத்துவிடுவோம்.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

மடிநோய் ஒரே நோய் அல்ல. கறப்பவர் கை வழியாகவும் துணி வழியாகவும் ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குப் போகும் கிருமிகள் உண்டு. ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. சாணியிலும் சேற்றிலும் இருந்து காம்புக்குள் ஏறும் கிருமிகள் உண்டு, ஈ.கோலை அந்தக் கூட்டம். முதல் வகை மெதுவாக வந்து மடித்தசைக்குள் குடியேறிவிடும். மேலே பூசும் மருந்தும் அங்கே எட்டாது, பல நேரம் ட்யூபும் எட்டாது. இரண்டாவது வகை சில நேரம் தானாகவே ஆறும், சில நேரம் ஒரே நாளில் மாட்டைச் சாய்த்துவிடும்.

தானாக ஆறுவதும் உண்டு என்றேன் அல்லவா? அங்கேதான் நாம் ஏமாறும் இடம் இருக்கிறது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் மடிநோய்ப் பால் மாதிரிகளில் கணிசமானவற்றில் கிருமியே வளர்வதில்லை. மாட்டின் உடம்பே அதற்குள் ஜெயித்திருக்கும். அந்த மாட்டுக்கு ட்யூப் ஏற்றியிருந்தால் ட்யூபுக்குப் பேர் கிடைக்கும். கற்றாழை பூசியிருந்தால் கற்றாழைக்குப் பேர் கிடைக்கும். ஒரு மாடு பிழைத்ததை வைத்து ஒரு மருந்தை மெச்சவும் முடியாது, ஒரு மாடு தேறாததை வைத்து ஒதுக்கவும் முடியாது. நூறு மாட்டுக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு யாரிடம் இருக்கிறது? நம் சொசைட்டியில் பால் அளவு இருக்கிறது, கொழுப்புக் கணக்கு இருக்கிறது. எந்த மாட்டுக்கு எப்போது மடிநோய் வந்தது, என்ன கொடுத்தார்கள், எத்தனையாவது நாளில் தேறியது, மறுபடியும் வந்ததா என்ற கணக்கு ஒரு நோட்டுப் புத்தகத்திலாவது இருக்கிறதா?

எப்போது மூலிகையை விட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும்? மாட்டுக்குக் காய்ச்சல் அடிக்கிறது, தீவனத்தைத் தொடவில்லை, எழுந்து நிற்கவில்லை. பால் பாலாக இல்லாமல் மஞ்சள் தண்ணீராக வருகிறது. மடி சூடாக இருப்பதற்குப் பதில் சில்லென்று குளிர்ந்து நீலம் பாரிக்கிறது. இதில் ஒன்றைப் பார்த்தாலும் அரைகல்லைத் தேடாதீர்கள், போனை எடுங்கள். அந்த நேரத்துக்குத்தான் ஆன்டிபயாட்டிக் வேண்டும். அந்த நேரத்தில் அது வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் மற்ற நேரங்களில் அதைத் தொடாமல் இருக்கச் சொல்கிறேன். ஆன்டிபயாட்டிக்குக்கு நான் எதிரி அல்ல. அது செத்துப்போய்விடக் கூடாதே என்று கவலைப்படுகிறவன்.

இதே கவலை உலகத்துச் சட்டங்களிலும் உண்டு. அமெரிக்காவில் இயற்கைப் பண்ணை என்று சான்று வாங்கிய இடத்தில் ஒரு மாட்டுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், அந்த மாடு அந்தச் சான்றை நிரந்தரமாக இழந்துவிடும். அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: சான்று போய்விடுமே என்று நோயுற்ற மாட்டுக்கு வைத்தியம் மறுக்கக் கூடாது. இந்த இரண்டாவது வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து, நோய் வருமுன்னே வழக்கமாக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதைத் தடுத்துவிட்டது. நெதர்லாந்து 2009க்குப் பிறகு கால்நடைகளுக்கான ஆன்டிபயாட்டிக் விற்பனையைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தது. அங்கே மாடுகள் பால் தருவதை நிறுத்திவிடவில்லை. நம் நாட்டில் 2019 ஜூலையில் கொலிஸ்டின் என்ற மருந்தை, மனிதனுக்குக் கடைசி ஆயுதம் என்பதால், உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்குத் தடை செய்தார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகளைத் தடுப்பதற்கென்று கேரளம் 2018இலேயே ஒரு செயல்திட்டத்தை அறிவித்தது. சட்டம் வந்துவிட்டது. அது கட்டுத்தரை வரை நடந்து வர வேண்டும்.

இனி, நோயே வராமல் பார்த்துக்கொள்வதற்கு வருகிறேன். நம் மாநிலத்து இடுக்கியில், மாட்டுப்பட்டியில், 1963இல் சுவிட்சர்லாந்தோடு சேர்ந்து கலப்பினத் திட்டம் தொடங்கினார்கள். அங்கிருந்து சுனந்தினி என்ற கலப்பின மாடு வந்தது. இரண்டு லிட்டர் கறந்த வீடு பத்து லிட்டர் கறந்தது. அந்தத் திட்டத்தால் மலையாளிகளும் தமிழரும் பிழைத்தோம், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் பெரிய மடி என்றால் பெரிய கவனிப்பு. கறந்து முடித்த பிறகு காம்பின் வாய் மூட அரை மணி, ஒரு மணி நேரம்கூட ஆகும். அந்த நேரத்தில் மாடு சாணியில் படுத்தால் கிருமிக்கு நாமே வாசலைத் திறந்துவிட்டது போல. அதனால் தீவனத்தைக் கறந்த பிறகு வையுங்கள்; மாடு நின்றுகொண்டே தின்னட்டும். நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறங்கள். கெட்ட பாலைத் தரையில் பீய்ச்சாதீர்கள். கட்டைவிரலை மடக்கிப் பீய்ச்சாமல் முழுக் கையால் கறங்கள். கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் நனையுங்கள். மூலிகைக்காக அதை விட வேண்டாம். தண்ணீர்ப் பஞ்சம் எனக்குத் தெரியும். மடி கழுவ ஒரு சொம்புத் தண்ணீராவது ஒதுக்குங்கள், துடைக்க மாட்டுக்கு ஒரு துணி வையுங்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன். மூலிகை பூசும் மாட்டின் பாலில் ஆன்டிபயாட்டிக் இல்லை என்பதால் திரி விழும் பாலைக் கேனில் ஊற்றலாமா? கூடாது. அது நோயுற்ற பால்.

மூலிகை மிக நன்றாக வேலை செய்யும் இடம் ஆரம்பம். ஆரம்பம் என்றால் திரி தெரிவதற்கும் முன்னால். கண்ணுக்குத் தெரியாத மடிநோய்தான் நம்மிடம் அதிகம். பால் பார்க்க வெள்ளையாகவே இருக்கும், அளவு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், லேசாக உப்புக் கரிக்கும். அதைக் கண்டுபிடிக்க 1957இல் கலிபோர்னியாவில் ஒரு சோதனை வகுத்தார்கள். நாலு கிண்ணம் உள்ள ஒரு தட்டு. ஒவ்வொரு காம்பிலிருந்தும் கொஞ்சம் பால், அதே அளவு சோதனைத் திரவம், சுழற்றினால் சில நொடியில் நோயுள்ள பால் கூழாகத் திரளும். நம்மைப் போலவே சிறு மாட்டுக்காரர்கள் நிறைந்த பாகிஸ்தானில், பைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்தில், அந்தத் திரவத்துக்குப் பதில் துணி துவைக்கும் சோப்புத்தூளையே போட்டுப் பார்த்தார்கள். நூற்றுக்கு மூன்று பங்கு கரைசல். அரை லிட்டர் தண்ணீருக்குச் சுமார் ஆறு தேக்கரண்டி. அதிலும் நோயுள்ள பால் திரள்கிறது. ஆகச் செலவு எவ்வளவு? ஒரு பாக்கெட் சோப்புத்தூள்.

சொசைட்டித் தலைவரும் செயலாளரும் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களிடம் எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். பால் அளக்கும் மேஜை மேல் ஒரு மடிநோய் நோட்டு வையுங்கள். மருந்து ஏற்றிய மாட்டின் பாலை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அந்த நாட்களில் பால் ஊற்றாத வீட்டுக்கு ஊக்கத்தொகை கழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; உண்மை சொன்னவருக்கு நஷ்டம் வந்தால் அடுத்த தடவை யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். மாதம் ஒரு நாள் வீடு வீடாகத் தட்டுச் சோதனை நடக்கட்டும்.

தட்டும் சோப்புக் கரைசலும் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். பின்பக்கத்துக் கட்டுத்தரையில் ஒரு மாட்டை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். கறக்கும் தாய்மார்கள் முதலில் வாருங்கள், சோதனையை உங்கள் கையாலேயே செய்து பார்ப்போம்.